சூடு சரியா இருக்கா?

...அழுகை வரவில்லை, வராவிட்டால் போகிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தப் பேருந்து நகர வேண்டும், சிக்னலில் அடித்து வைத்த மாதிரி நிற்கிறது, செய்முறைத் தேர்வு தொடங்குவதற்குள் கல்லூரியில் கால் வைக்க வேண்டும், இதுதான் கடைசி வாய்ப்பு, இதையும் கோட்டை விட்டால் இந்த ஜென்மத்தில் நர்ஸ் கிடையாது, காலமெல்லாம் உதவியாளர்தான், பெட்பேன்தான், அழுக்கு விரிப்புதான்... போன தடவை அப்படி என்ன தப்பு செய்துவிட்டாள்? தேர்வுக்கு நோயாளியாகப் படுக்க வைத்திருந்த பொம்மையின் உடம்பைத் துடைத்தாள், புரட்டினாள், விரிப்பை மாற்றினாள், வார்டில் தினமும் செய்கிற வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். தேர்வு நடத்த வந்த மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பேஷண்ட்கிட்ட ஒரு வார்த்தை பேசினியாம்மா? அவர் என்ன மூட்டையா, உன் பாட்டுக்கு உருட்டற?" என்று கேட்டார். அது பொம்மை மேடம் என்று சொல்ல வந்து முழுங்கிக்கொண்டாள், என்ன பிரயோசனம், ஃபெயில் ஃபெயில்தான். வார்டில் அக்காவிடம் சொன்னபோது, அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, தலை நரைத்த மூத்த உதவியாளர், டாக்டருக்கும் அக்கா துப்புரவுக்காரருக்கும் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த வாட்டி பொம்மையை மாமான்னு கூப்பிட்டு நலம் விசாரிச்சுடு. முதல் மார்க் உனக்குத்தான்." அன்றைக்கு அவளும் சிரித்தாள். சிரித்தாளா? வாய் விரிந்தது, அது ஞாபகம் இருக்கிறது.

இன்று விடியும்போது ஜன்னலோரப் படுக்கை டிரைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர், ஒரு பக்கம் விழுந்துபோன பிறகும் குசும்பு மட்டும் விழவில்லை, அவரைப் புரட்டும்போதெல்லாம், "ஹாரன் அடிக்காம திருப்பறியேம்மா, எதிர்ல லாரி வந்தா யார் பொறுப்பு?" என்பார், அவள் ஒப்புக்கு ஒரு சிரிப்பைச் சிந்திவிட்டுத் துண்டைப் பிழிவாள், கண் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருக்கும், தலைக்கு மேல் வேலை, நின்று பதில் சொல்ல நேரம் ஏது? இன்றைக்கு நேரம் இருந்தது. "நீ துடைச்சு விட்டுடு, நான் அவர் பொண்ணுக்குச் சொல்லிட்டு வரேன்" என்று அக்கா போன பிறகு திரையை இழுத்து விட்டாள், உள்ளே அவளும் அவரும்தான், அவருக்கு ஒரு அவசரமும் இல்லை, அப்போதுதான் தோன்றியது, மத்தியானம் தேர்வு, பொம்மை வீட்டிலா இருக்கிறது பழகிப் பார்க்க... போய் வெந்நீர் பிடித்து வந்தாள். வகுப்பில் சொல்லித்தந்தபடி முழங்கையை நனைத்துப் பார்த்தாள். "ஐயா, உங்க உடம்பைத் துடைச்சு விடப் போறேன். தண்ணி சூடு சரியா இருக்கா?" பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்கும் மார்க் உண்டு, காத்திருந்தாள். முகம், கழுத்து, கை, மார்பு, ஒவ்வொன்றுக்கும் சொல்லிச் சொல்லி... "இப்ப வலது பக்கம் திருப்பப் போறேன்யா." திரைக்குள் தலையை நீட்டிய அக்கா, "யார்கிட்டடி பேசற?" என்றாள். "பிராக்டிகலுக்குக்கா." அக்கா சிரிக்கவில்லை, தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். ஏன் சிரிக்கவில்லை? தப்பா? யாருக்கு என்ன நஷ்டம், நன்றாகத்தானே துடைத்தாள், இத்தனை மாதத்தில் இவ்வளவு நிதானமாக அவரை ஒரு நாளும் துடைத்ததில்லையே... அவருடைய மகள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டாள். "இல்லக்கா, தூக்கத்துலயே." தெரியுமா இவளுக்கு? தெரியாது, வாய்தான் சொன்னது. "நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவள் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள், கால் துடைத்ததற்கு அப்புறம்தானே முதுகு, வரிசை சரிதானே என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாவது வரவேண்டாமா? அதுவும் வரவில்லை. பேருந்து நகர்ந்துவிட்டது, நல்ல வேளை.

தேர்வு அறையில் பொம்மை போன தடவை படுத்திருந்த மாதிரியே கூரையைப் பார்த்துப் படுத்திருந்தது, மேடத்தின் கண்ணாடி மூக்கில் இருந்தது. அவள் பேசினில் இருந்த தண்ணீரில் முழங்கையை நனைத்தாள். "ஐயா, தண்ணி சூடு சரியா இருக்கா?" காத்திருந்தாள். வார்த்தைகள் கோர்த்து வைத்த மாதிரி வந்தன, கை தன் பாட்டுக்கு நடந்தது, தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டப் போகும்போது, "டிரைவர் சார், ஹாரன் அடிச்சுட்டேன், வலது பக்கம் திருப்பறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள், நினைத்ததோடு சரி, நெஞ்சு படபடக்கக்கூட இல்லை. மேடமும் சிரித்தார். "பேஷண்டுக்கு ஒரு தொழிலே குடுத்துட்டியா! இப்படித்தாம்மா பேசணும். உசுரோட இருக்கற மனுஷன்கிட்ட பேசற மாதிரியே பேசினே. பாஸ்." பாஸ். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், அக்காவிடம் சொல்ல வேண்டும், சந்தோஷம் வரும், வந்துகொண்டிருக்கும், அதற்கும் எங்கேயாவது சிக்னலாக இருக்கும்... பேசினைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த தொட்டிக்குப் போனாள்.

கொட்டுவதற்காகச் சாய்த்தபோது தண்ணீர் விரல்களில் பட்டது. சில்லென்று இருந்தது. இந்த அறையில் வெந்நீர்க் குழாயே கிடையாது, தேர்வுக்குப் பச்சைத் தண்ணீர்தான் பிடித்து வைப்பார்கள், எல்லாருக்கும் தெரியும், யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முழங்கையை நனைத்தாளே? நனைத்துப் பார்த்துவிட்டுத்தானே கேட்டாள்? ஒன்றும் தெரியவில்லையே, சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை... 'தண்ணி சில்லுன்னு இருக்கேம்மா' என்பார் டிரைவர், அவர் முறை கடைசி, வாளி அங்கே போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும், 'இதோ ஆச்சு, இதோ ஆச்சு' என்பாள் அவள். இன்று காலை அவருக்குச் சூடாகத்தான் வைத்தாள். போய்ப் பிடித்து வந்தாளே. வெந்நீர்க் குழாயைத்தானே திறந்தாள்? ஆவி வந்ததா? எவ்வளவு யோசித்தும் ஆவி ஞாபகத்துக்கு வரவில்லை, தான் பேசியது மட்டும்தான் ஞாபகம் வந்தது. "அக்கா, அந்த பேசினைக் குடுங்க, அடுத்து நான்தான்" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். இதோ ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தவள் அதைச் சொல்லாமல், மிச்சமிருந்த தண்ணீருக்குள் முழங்கையை மறுபடி விட்டு, பதிலுக்குக் காத்து நின்றாள்.