அடையாளம் சொல்லாத குன்று

ஜார்ஜ் டவுனிலிருந்து பாலத்தைக் கடந்து சுபாஷினி பிறை நகரத் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது, அஃப்ரீன் கட்டுமான வேலியருகே காத்திருந்தாள். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் சுபாஷினியின் மாணவி. இப்போது பக்கத்து ஊரான பட்டர்வொர்த்தில் ஆசிரியை.

"ரோட்டுல சிந்திக் கிடந்துச்சுக்கா. பாத்ததும் லாரி பின்னாடியே வந்துட்டேன்."

அவள் நீட்டிய சாம்பல் நிறக் கட்டியைச் சுபாஷினி விரலால் நெம்பினாள். களிப்பாறை ஏடு ஏடாகப் பிரிந்தது. உள்ளே, வரிவரியான முதுகோடு ஒரு டிரைலோபைட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஊர்ந்த ஓர் உயிரின் கல்லான எச்சம்.

பக்கத்து மாநிலமான கெடாவில் அவர்கள் இருவரும் கண்டுபிடித்த குன்றின் பாறையேதான். இங்கே தொழிற்சாலைக்குத் தரை நிரப்ப அந்தக் குன்றை வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள்!

சுபாஷினி உள்ளே ஓடினாள். மேற்பார்வையாளர் பழனியப்பன் குறுக்கே வந்தார்.

"ஹெல்மெட் இல்லாம எங்கம்மா ஓடுறீங்க? மேல ரோலர் ஏறுனா என் வேல போயிடும் லா."

"அண்ணே, கெடாவுல நீங்க மண்ணெடுக்கிற அந்தக் குன்ற வெட்டாதீங்க. உள்ள புதைபடிவம் இருக்கு."

"என்னது?"

அவள் கட்டியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"நண்டு மாதிரி இருக்கே! மிளகாய் அரைச்சுப் போட்டு சம்பல் வைக்கலாமா?"

லாரி ஓட்டுநர்கள் சிரித்தார்கள். சுபாஷினியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"சரி பாஸ்... கேக்குறேன் பாஸ்." போனைக் கையால் பொத்திக்கொண்டார். "பாதுகாக்கிற இடம்னு எங்கயாச்சும் பதிஞ்சிருக்கான்னு கேக்குறார்மா."



பதியவில்லை. பதியவிடாமல் தடுத்தவளே அவள்தான். இடம் வெளியே தெரிந்தால் புதைபடிவ வியாபாரிகள் உளியோடு வந்து ஒரே மழைக்காலத்தில் சுரண்டி விற்றுவிடுவார்கள் என்று பயந்தாள். வேறொரு மேடு அப்படித்தான் காலியானது. அதனால் கட்டுரையில் 'வட கெடாவில் ஓரிடம்' என்று மட்டும் எழுதினாள். நில அலுவலகத்தில் சொல்லிவிடலாம் என்று அஃப்ரீன் கெஞ்சியபோது, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று அடக்கினாள்.

"இல்லண்ணே. பதியல."

பழனியப்பன் போனில் ஏதோ பேசிவிட்டுத் தலையசைத்தார். "நிறுத்த முடியாதாம். இன்னிக்கோட அங்க முடிஞ்சிடும். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா வேற இடத்துல எடுத்திருப்போம். எங்களுக்கு எந்த மண்ணா இருந்தா என்ன?"

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ரோலர் அவர்களைக் கடந்து போனது. அதன் அடியில் பாறை ஏடுகள் நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அஃப்ரீன் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திட்டேன்டி," என்றாள் சுபாஷினி. "ஏதாவது சொல்லு."

"சொல்லி என்னக்கா ஆகப்போவுது?" அஃப்ரீன் கண்ணைத் துடைத்தாள். "ஆத்தோரத்துல இன்னொரு இடம் பாத்தோமே. அதையும் இப்படியே விடப்போறீங்களா?"

அந்த இடமும் இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வெளியே சொன்னால் நாளைக்கே யாராவது உளியோடு அங்கே போய் நிற்கலாம். சுபாஷினி கார்ச் சாவியை எடுத்தாள்.

"வண்டில ஏறு," என்றாள். "நில அலுவலகத்துக்குப் போவோம். இடத்த நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."