ட்ரக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ

1999ஆம் ஆண்டு மாசி மாதம், கனடாவின் பிறம்ரன் நகரில் ட்ரக் கொம்பனி வைத்திருந்த வின்சன்ற், மார்க்கம் நகரில் இருந்த ஒரு சிறிய அலுவலகத்துக்கு வந்தார். கதவைத் திறந்ததுமே, "என்ரை ட்ரக்குகளை ஆரோ இன்ரநெற்றுக்குள்ளாலை பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்" என்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அந்த அலுவலகத்தை நடத்தியவர்கள் இரண்டு பேர். பிரசாந்தினி இணையத் தளங்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்பவள். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை செய்துவிட்டு வந்தவள். நவரட்ணம் சட்டத்தரணி. கணினி, இணையம் என்று வரும் ஒப்பந்தங்களும் வழக்குகளுமே அவருடைய துறை. அப்படி ஒரு துறை இருப்பதாகவே அப்போது பலர் நம்பவில்லை. கீழ்மாடியில் பல் வைத்தியர் ஒருவர் இருந்ததால், இவர்களுடைய கதவைத் தட்டுபவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்கள். வின்சன்ற் உண்மையாகவே இவர்களைத் தேடி வந்தவர்.

வாடிக்கையாளர்கள் தங்கள் சாமான் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் ஒரு இணையப் பக்கம் செய்வித்திருந்தார். சாரதிகள் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இருந்து கொம்பனிக் கந்தோருக்கு ரெலிபோன் எடுப்பார்கள். கந்தோரில் இருப்பவர் அதைக் கணினியில் பதிவார். ட்ரக் கடைசியாக நின்ற இடம், அடுத்ததாக நிற்கப்போகும் இடம், உள்ளே இருக்கும் சாமான், அதன் பெறுமதி எல்லாம் அந்த இணையப் பக்கத்தில் தெரியும்.

"வாடிக்கையாளர் நாளுக்கு ஒருக்கா ரெண்டு தரம் பாப்பினம். இது அப்பிடியில்லை. ஒரே ஆள், காலமை துடங்கிப் பின்னேரம் மட்டும் வந்து வந்து பாக்குது. போட்டிக் கொம்பனிக்காரர்தான். எனக்கு வடிவாத் தெரியும்."

பிரசாந்தினி அவருடைய பக்கத்தைத் திறந்தாள். முகவரியின் கடைசியில் பதினான்கு என்று இருந்தது. பதினான்காம் ட்ரக் கிங்ஸ்ரனில் நின்றது.

"அண்ணை, இந்தப் பதினாலை நான் மாத்திப் பாக்கட்டோ?"

நவரட்ணம் கையை உயர்த்தினார். "பொறும். முதல் அவர் அனுமதி தாறன் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கட்டும்."

வின்சன்ற் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவள் பதினான்கை இருபத்திரண்டாக மாற்றினாள். இருபத்திரண்டாம் ட்ரக் திரையில் வந்தது. வின்ட்சருக்குப் போகிறது. உள்ளே மருந்துப் பெட்டிகள். வின்சன்ற்றின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப ஆரும் இப்பிடிப் பாக்கலாமோ?"

"ஓம் அண்ணை. பூட்டே போடேல்லை. எண் தெரிஞ்சால் காணும்."

"உடனை எல்லாத்தையும் மூடச் சொல்லும்" என்றார் நவரட்ணம். "சாமான் விபரத்தை வெளியிலை விடமாட்டன் எண்டு இவர் வாடிக்கையாளரோடை ஒப்பந்தம் எழுதியிருக்கிறார். ஆரும் வழக்குப் போட்டால் இவர்தான் பொறுப்பு. பாத்த ஆள் இல்லை."

பிரசாந்தினிக்கோ வேறொன்று மண்டைக்குள் குடைந்தது. கணினியில் பதிவாகியிருந்த, வந்து போனவரின் தடங்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் எல்லா ட்ரக்குகளையும் பார்க்கவில்லை. சில எண்களை மட்டுமே, அவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. கிடுகிடுவென்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடி வந்து அதே எண்கள். களவெடுக்க நினைப்பவன் எதற்காக இப்படி ஓடி ஓடி ஒளிய வேண்டும்?

"இந்த எண்ணெல்லாம் ஆற்றை ட்ரக் அண்ணை?"

வின்சன்ற் எட்டிப் பார்த்தார். "இது செல்வரட்ணம். இது சண்முகநாதன். இது யோசப்..." சொல்லிக்கொண்டு போனவர் நிறுத்தினார். "எல்லாம் எங்கடை தமிழ்ப் பெடியள். என்னட்டை ஓடுற பஞ்சாபிக்காரற்றை ஒண்டும் இல்லை."

அவள் நவரட்ணத்தைப் பார்த்தாள். "சாமானையும் பெறுமதியையும் இப்பவே மறைச்சுவிடுறன். இடத்தை மட்டும் ரெண்டு மூண்டு நாளைக்கு விட்டு வைப்பம். ஆர் எண்டு எனக்கு அறிய வேணும்."

"உம்மடை ஆசைக்காக ஒரு கதவைத் திறந்து வைக்கிறீர்" என்றார் அவர். ஆனாலும் வின்சன்ற்றும் அறியத் துடித்தார். ஆகவே அப்படியே விட்டார்கள்.

ஆளைக் கண்டுபிடிப்பது லேசாக இருக்கவில்லை. ரெலிபோன் வழியாக இணையத்துக்கு வரும் ஆள் என்பது மட்டும் தெரிந்தது. இணைப்புக் கொடுத்த கொம்பனிக்குப் பெயர் தெரியும். ஆனால் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அவர்கள் சொல்லமாட்டார்கள் என்றார் நவரட்ணம். கட்டளை எடுப்பதென்றால் குற்றம் நடந்ததென்று காட்ட வேண்டும். பூட்டாத கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்தது குற்றமா? சட்டம் கள்ள நோக்கத்தைக் கேட்கிறது. நோக்கத்தை அறிய ஆளை அறிய வேண்டும். ஆளை அறிய நோக்கத்தைக் காட்ட வேண்டும்.

"அப்ப கேட்டுப் பாப்பம்" என்றாள் பிரசாந்தினி.

"ஆரை?"

"அந்த ஆளைத்தான்."

தமிழ் எழுத்து பலருடைய கணினிகளில் அப்போது தெரியாது. எழுத்துருவை இறக்கிப் போட்டிருக்க வேண்டும். அதனால் அவள் ஒரு வெள்ளைத் தாளில் தன் கையாலேயே எழுதினாள்: "நீங்கள் யார்? கோபம் இல்லை. தயவுசெய்து இந்த இலக்கத்துக்கு எடுங்கோ." அதைப் படமாக்கி, அந்த ஒரு ஆளின் கணினிக்கு மட்டும் ட்ரக்கின் பெயருக்கு மேலே தெரியும்படி வைத்தாள். வழக்கமாக வரும் நேரத்தில் அந்த ஆள் வந்தார். பதினான்கைத் திறந்தார். அதோடு இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அன்று முழுவதும் எவரும் வரவில்லை.

"பயப்படுத்திப் போட்டீர்" என்றார் நவரட்ணம்.

மறுநாள் மத்தியானம் ரெலிபோன் அடித்தது. ஒரு பெண் குரல், மிகவும் மெல்ல, "பிள்ளை, அந்தக் கையெழுத்து உங்கடையோ?" என்று கேட்டது.

அன்றே இருவரும் போன இடம், வெக்ஸ்போர்ட்டில் ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. கதவைத் திறந்தவள் யோகமலர், சாரதி செல்வரட்ணத்தின் மனைவி. நாற்பது வயதிருக்கும். குசினி மேசையில், கறிவேப்பிலைப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. சுவரில் கனடா வரைபடம் ஒட்டியிருந்தது. அதில் வண்ணக் குண்டூசிகள் குத்தியிருந்தன.

"என்னைப் பொலிசிலை குடுக்கப் போறியளோ?" என்று அவள் நவரட்ணத்தைப் பார்த்துக் கேட்டாள். சட்டத்தரணி என்று சொன்னதிலிருந்து அவரை நேரே பார்க்கப் பயந்தாள்.

"கதைக்கத்தான் வந்தனாங்கள் அக்கா" என்றாள் பிரசாந்தினி. "எப்பிடித் துடங்கினது எண்டு சொல்லுங்கோ."

போன வருட மாரியில் செல்வரட்ணம் பனிப் புயலில் அகப்பட்டு, ஒரு இரவும் பகலும் எந்தத் தகவலும் இல்லாமல் போய்விட்டது. கந்தோருக்கு எடுத்தால், "தெரியாது, லைனை விடுங்கோ" என்றார்கள். வாடிக்கையாளருக்குத் தெரிகிற விசயம் பெண்சாதிக்குத் தெரியக்கூடாதா என்று அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாசிகசாலை வகுப்பில் கணினி பழகினாள். புருசன் வைத்துவிட்டுப் போன கடதாசி ஒன்றில் பக்கத்தின் முகவரி இருந்தது. அவருடைய ட்ரக் எண்ணைப் போட்டாள். தெரிந்தது. பிறகு சண்முகநாதனின் மனைவி அழுதுகொண்டு எடுத்தபோது, அந்த எண்ணையும் போட்டுப் பார்த்தாள். அதுவும் தெரிந்தது.

அவள் சொல்லி முடிக்குமுன் ரெலிபோன் அடித்தது. "ஓம், ஓம், மொன்றியல் தாண்டிட்டார். சமையுங்கோ, வந்திடுவார்" என்று சொல்லி வைத்தாள். வைத்த கையோடு மறுபடி அடித்தது.

பிரசாந்தினிக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் ஒரே ஒரு ரெலிபோன் இணைப்பு. இணையத்தில் இருந்தால் எவரும் அழைக்க முடியாது. அதனால்தான் அவள் ஓடி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓடிப் போயிருக்கிறாள். பிறகு ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியிருக்கிறாள். பிரசாந்தினிக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஆனால் அவளுடைய தொழில் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொன்னது.

"ஆர் ஆர் அக்கா எடுக்கிறவை? எல்லாரையும் தெரியுமோ?"

"எல்லாற்றை குரலும் தெரியும். பெண்சாதிமார், தாய்மார்..." யோகமலர் யோசித்தாள். "இண்டைக்குக் காலமை ஒரு பெடியன் எடுத்தவன். கடையிலை ஆரோ என்ரை நம்பரைக் குடுத்ததாம். யோசப்பின்ரை தம்பியாம். ராவைக்கு எங்கை நித்திரைக்கு நிப்பாட்டுவார் எண்டு கேட்டான்."

"சொன்னியளோ?"

"பெல்வில்லிலை எண்டு... போட்டிருந்தது. சொன்னன்."

நவரட்ணம் எழுந்தார். யோசப் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் இருந்து கணினிகள் ஏற்றிக்கொண்டு வருகிறார் என்பது இருவருக்கும் தெரியும். யோகமலரின் ரெலிபோனிலேயே வின்சன்ற்றைப் பிடித்தார்கள்.

யோசப்பிடம் செல்போன் இல்லை. வின்சன்ற் வழியில் இருந்த ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் எடுத்து, அவர் வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். மூவரும் குசினி மேசையில் காத்திருந்தார்கள். யோகமலர் தேத்தண்ணி ஊற்றினாள், ஒருவரும் குடிக்கவில்லை. பிரசாந்தினி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடத்தை மறைக்காமல் விட்டது தான்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நவரட்ணம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே வின்சன்ற் எடுத்தார். யோசப் பெல்வில்லுக்கு முன்னால் வரும் கோன்வோலில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்.

"தம்பியைப் பற்றிக் கேட்டியளோ?" என்றார் நவரட்ணம்.

"கேட்டன். 'எனக்கு மூண்டு அக்காமார். தம்பி எங்கையிருந்து வந்தவன்?' எண்டு கேக்கிறான்."

யோகமலர் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

யோசப் பெல்வில்லுக்குப் போகவில்லை. கோன்வோலில் வேலி அடைத்த ஒரு வளவில் ட்ரக்கை விட்டுவிட்டுப் படுத்தார். பொலிசாருக்கு அறிவித்தார்கள். பெல்வில்லில் எவராவது காத்திருந்தார்களா, அழைத்தவன் யார் என்பது கடைசிவரை தெரியவரவில்லை.

மறுநாள் வின்சன்ற் கோபத்தோடு வந்தார். செல்வரட்ணத்தை வேலையால் நிறுத்தப் போவதாகவும், யோகமலர் மேல் வழக்குப் போடப் போவதாகவும் சொன்னார்.

"போடலாம்" என்றார் நவரட்ணம். "பொலிசுக்குப் போனால் முதல் கேள்வி, 'உங்கடை பூட்டு எங்கை?' எண்டுதான் வரும். அதுக்குப் பிறகு மருந்துக் கொம்பனிக்காரருக்கும் கொம்பியூட்டர்க்காரருக்கும் விசயம் போகும். அந்த மனிசி களவெடுக்கேல்லை, கள்ள நோக்கமும் இல்லை. புருசன் உயிரோடை இருக்கிறாரோ எண்டு பாத்தவ. கோர்ட்டிலை நான் அவவுக்காக நிண்டால் வெல்லுவன். உங்களுக்காக நிண்டால் தோத்துப்போவன்."

வின்சன்ற், "ஏன், கந்தோரிலை கேட்டால் சொல்லமாட்டினமோ?" என்றார்.

"கேட்டவவாம். லைனை விடச் சொன்னவையாம்" என்றாள் பிரசாந்தினி.

அது அவருக்குத் தெரியாது. முகத்தைத் தேய்த்துக்கொண்டார். வழக்கும் போடவில்லை, செல்வரட்ணத்தை நிறுத்தவும் இல்லை. ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு நடந்ததை அறிவிக்க வேண்டும் என்று நவரட்ணம் சொன்னபோது நிறைய நேரம் தர்க்கித்துவிட்டுச் சம்மதித்தார். அதில் ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகியும் போனார்.

பிரசாந்தினி பக்கத்தைப் புதிதாகச் செய்வித்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கடவுச்சொல். ஒவ்வொரு சாரதியின் வீட்டுக்கும் ஒரு கடவுச்சொல், அதில் அந்த வீட்டு ஆளின் ட்ரக் மட்டும் தெரியும், சாமான் தெரியாது. கணினி இல்லாத வீடுகளுக்காக வின்சன்ற் கந்தோரில் தனியாக ஒரு ரெலிபோன் வைத்தார். அதை எடுக்கும் பஞ்சாபிக்காரர், "சுகமாய் நிக்கிறார்" என்று தமிழில் சொல்லப் பழகிக்கொண்டார். வேறொன்றும் தெரியாததால் எந்தக் கேள்விக்கும் அதையே முதலில் சொன்னார். பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

யோகமலரின் வீட்டு ரெலிபோன் அதன் பிறகு அதிகம் அடிக்கவில்லை. கடவுச்சொல்லைக் கொடுக்கப் பிரசாந்தினி நேரிலேயே போனாள். வரைபடத்தில் ஒரே ஒரு குண்டூசிதான் இருந்தது.

"மற்றவையின்ரை பாக்கேலாதோ?"

"ஏலாது அக்கா."

"அதுவும் சரிதான்" என்றாள் யோகமலர். "அந்தப் பெடியன் எவ்வளவு மரியாதையாக் கதைச்சவன் தெரியுமோ? அக்கா, அக்கா எண்டு. இப்பவும் கடைக்குப் போனால் ஒவ்வொருத்தற்றை குரலையும் கேட்டுப் பாக்கிறன்."

கடவுச்சொல்லைத் தானே தட்டினாள். செல்வரட்ணம் சட்பரியில் நின்றார். குண்டூசியைக் கழற்றிச் சட்பரியில் குத்திவிட்டுத் திரும்பினாள்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? கரண்ட் பில் காட்டுற பக்கத்திலையும் கடைசியிலை ஒரு எண் நிக்குது. அதையும் மாத்தினால் வேறை ஆக்களின்ரை வருமோ?"

"தொட்டுப்போடாதேங்கோ அக்கா!"

"நான் தொடேல்லை. நீங்கள் பாருங்கோ எண்டு சொல்லுறன்."

"நானும் தொடேலாது. அவையிட்டைக் கேட்டுத்தான் பாக்கோணும்."

"அப்ப கேளுங்கோவன்" என்றாள் யோகமலர். கதிரையை இழுத்துப் பிரசாந்தினிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ரெலிபோனை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.