காந்திமதியைப் பெண் பார்க்க வந்த ஐந்து வருடங்கள்

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த மறு ஞாயிற்றுக்கிழமை, காந்திமதியின் அடுத்த ஐந்து வருடங்களும் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பாளையங்கோட்டையில் இது வழக்கம்தான். ஆஸ்பத்திரியிலேயே நாள் குறித்துக் கொடுத்துவிடுவார்கள்.

காந்திமதியின் கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் கூடவே தங்கிவிட்ட நாத்தனார் உலகம்மாள், பயாப்சி ரிப்போர்ட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். முதலாம் வருடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருத்தம் பார்த்தார்.

"கட்டி மூணு சென்டிமீட்டர். அக்குள்ல நெறிக்கட்டு ரெண்டு. ஹார்மோன் பொருத்தம் நல்லாருக்கு, மாத்திரைக்குக் கேக்கும். சக்கரை?"

"காப்பியில கூட போடுததில்ல," என்றாள் காந்திமதி.

இரண்டாமவரும் மூன்றாமவரும் பஜ்ஜியில் கண்ணாக இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் உண்டா என்று நாலாமவர் விசாரித்தார்.

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கது தெரியலையா?" என்றாள் உலகம்மாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

சிக்கல் கடைக்குட்டியிடம்தான் வந்தது. ஐந்தாமவரைத் திருப்திப்படுத்துவது லேசில்லை என்று தெருவில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

"கட்டி எப்பம் தட்டுப்பட்டுது?"

"சித்திரையில."

"டாக்டர்ட்ட போனது?"

"ஐப்பசியில. நடுவுல மக கல்யாணம். சொன்னா நின்னுருமோன்னு பயம். ஜாக்கெட்டைத் தளத்தித் தைக்கச் சொல்லிட்டுப் பேசாம இருந்துட்டேன்."

ஐந்தாமவர் முகத்தைச் சுளித்தார். காந்திமதியின் கல்யாணத்துக்கு முன் ஏழு பேர் அவளை வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒருத்தருக்காகவும் அவள் வருந்தியதில்லை. இந்தச் சிடுமூஞ்சிதான் அவளுக்கு வேண்டும். மகள் வயிற்றில் இருக்கும் பிள்ளை இவர் காலத்தில்தான் பள்ளிக்கூடம் போகும்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானும் ஒண்ணு கேக்கேன். உங்கள்ல யாராவது, சம்மதம்னு சொல்லிட்டு ஒரு வீட்டைப் பாதியில விட்டுட்டுப் போயிருக்கீங்களா?"

ஐவரும் தட்டைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, பேசாம இரி," என்று உலகம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள்.

"போயிக் காயிதம் போடுதோம்," என்று முதலாமவர் எழுந்தார். ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். ஐந்தாமவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, திரும்பியே பார்க்காமல் போனார்.

காந்திமதி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உலகம்மாள் தட்டுகளை அடுக்கியபடி ஐவரின் வம்சத்தையும் வைதாள்.

அப்போது வாசலில் டிரங்குப் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். பெண் பார்க்க வந்தவர்களில் அவர் இல்லை.

"நான் ஆறாம் வருசம். எனக்கு வீடு பிடிச்சிருக்கு."

"முறைப்படி முன்னால அஞ்சு பேரும்லா வரணும்?" என்றாள் உலகம்மாள்.

"வருவாங்க. எங்க போயிருவாங்க? அதுவரைக்கும் மாடியில இருந்துக்கிடுதேன்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். காந்திமதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெந்நீர் போடவா என்று கீழேயிருந்து கேட்டாள்.