வெறுங்குழாயில் பூத்த தாமரை

கண்ணுக்குத் தாமரை, கைக்குத் தாமரை, திருவடிக்குத் தாமரை என்று பாடிய மொழி, அரையிடுக்கில் அரித்துக்கொண்டு வட்டமாய்ப் பரவும் பூஞ்சைக்கும் படர்தாமரை என்றே பெயர் சூட்டியது. பாடியவர்களுக்கும் அரிப்பு இருந்திருக்கும் போலும்.

அத்தகைய தாமரைகளின் பூர்வோத்தரம் விசாரிப்பதே அந்த ஆய்வகத்தின் தொழில். நோயாளியின் தோலைச் சுரண்டிய செதிலைச் சிறு குழாயில் இட்டு, அதிலுள்ள மரபணுவைப் பிரித்து, இயந்திரத்தில் கோடி மடங்காகப் பெருக்கினால், நான்கே எழுத்துகளால் ஆன நெடும்பாட்டு ஒன்று கிடைக்கும். பூஞ்சை மனிதரிடமிருந்து ஒட்டியதா, மாட்டிடமிருந்தா, பூனையிடமிருந்தா என்று அந்தப் பாட்டு சொல்லிவிடும்.

பாட்டைப் படிப்பவள் பரிசோதகி. பதினாறு ஆண்டுப் பழக்கம். குழாயைத் திறந்து செதிலை இடும் உரிமை மட்டும் தலைவருக்கே. பிறர் கையை அவர் நம்புவதில்லை. மணிக்கட்டில் அகன்ற தோல்வார்க் கடிகாரம் கட்டியிருப்பார். நேரம் தெரிய வேண்டுமென்று கையுறையை அதற்குக் கீழேயே மடித்துவிடுவார். அவர் காது படாத இடத்தில் அவருக்குக் 'கடியாரம்' என்று பெயர்.

அந்தத் திங்கட்கிழமை பதினொரு நோயாளிகளின் பாட்டும் வந்தது. பதினொன்றும் ஒன்றே, ஓர் எழுத்து பிசகவில்லை. பூனையிடமிருந்து ஒட்டும் இனம். கடியாரம் புதையல் கண்டவரானார். ஊரில் கொள்ளைநோய் கிளம்பிவிட்டது, கண்டுபிடித்தவர் அவர். பதினொருவரில் ஐவர் ஒரே கடையில் முடி வெட்டிக்கொள்பவர்கள் என்றும், அந்தக் கடையில் நாற்காலிமேல் ஒரு கறுப்புப் பூனை தூங்குமென்றும் விசாரித்து அறிந்தார். கடையை இழுத்துப் பூட்டச் சொல்லிச் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் தயாரித்தார். வெள்ளிக்கிழமை நண்பகல் அது புறப்படும்.

கடை, பரிசோதகியின் அக்காள் கணவருடையது.

அவளை அரித்தது உறவு மட்டுமன்று. பன்னிரண்டாவதாக ஒரு குழாய் உண்டு. அதில் செதில் இடுவதில்லை, தண்ணீர் மட்டுமே. இயந்திரமும் கையும் சுத்தம் என்பதற்கு அந்த வெறுங்குழாயே சாட்சி. சாட்சியோ இம்முறை, பூஞ்சை உண்டு என்பதற்கான கோட்டை மங்கலாய்க் காட்டியது. நிழல் என்று கடியாரம் தள்ளிவிட்டார். தண்ணீருக்குப் படர்தாமரை வருமா? பதினொரு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் எழுதிய கை ஒன்று என்றுதானே பொருள்?

அன்று மாலை, சொல்லக் கூடாததை அக்காள் வீட்டில் சொல்லிவிட்டாள். "பதினாறு வருஷமா ஊரான் சொறியப் பாத்தது, எங்க வயித்துல மண்ணள்ளிப் போடத்தானாடி?" என்றாள் அக்காள். அத்தான் சத்தம் போடவில்லை. தொடையில் கிடந்த கடைப்பூனை கறுப்பியைத் தடவிக்கொண்டே, "என் கடையில நாலு காலும் ஒழுங்கா இருக்கறது இவ ஒருத்திக்குத்தான். நாற்காலிக்கே ஒரு கால் ஆட்டம்" என்றார். மூன்று பேர் சாப்பிடுவது அந்த ஆடும் நாற்காலியை நம்பித்தான்.

மறுநாள் காலை அவள் பணிவே உருவாய்த் தலைவர்முன் நின்றாள்.

"கடுதாசியோட ஒரு மறுபரிசோதனையும் வச்சுட்டா எவனும் வாய் திறக்க முடியாது சார். ஒப்பிட்டுப் பாக்க ஆரோக்கியமான தோல் ஒண்ணு வேணும். இந்தக் கட்டடத்துல உங்க தோல விட்டா வேற எது சார் இருக்கு?"

புகழ்ச்சி என்னும் களிம்பு எந்தத் தோலிலும் உடனே இறங்கும். அவர் சட்டைக்கையைச் சுருட்டி, வரம் கொடுப்பவர் போல இடக்கையை நீட்டினார். அவள் கடிகாரத்தைக் கழற்றினாள். வாரின் அடியில், ஓரம் தடித்துச் சிவந்து, நடு வெளுத்து, முதலாண்டு மாணவனும் பெயர் சொல்லக்கூடிய வட்டம் ஒன்று மலர்ந்திருந்தது.

"அது சோப்பு அலர்ஜி" என்றார்.

"ஆமா சார்" என்று சொல்லி, வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டினாள். அவர் தோலும் பரிசோதனையில் இருப்பதால் அவரே குழாயைத் திறந்தால் நாளை யாராவது குறை சொல்லக்கூடும் என்றும் நினைவூட்டினாள். நியாயம்தான் என்று கடியாரம் ஒதுங்கி நின்றார். வேறு மேசை, புதிய குழாய்கள், முழங்கை வரை கையுறை; பதினொருவர் செதிலின் மிச்சத்தையும் அவளே இட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. வெறுங்குழாய் வெறுமையாகவே இருந்தது. ஒன்பது பேருக்கு மனிதருக்கு மனிதர் ஒட்டும் பூஞ்சை, அதுவும் மூன்று வெவ்வேறு இனம். இருவருக்குப் பூஞ்சையே இல்லை. பூனை இனம் ஒரே ஒரு வரியில்தான் இருந்தது, அதே பழைய பாட்டு, எழுத்துக்கு எழுத்து. வரியின் தலைப்பு: ஆரோக்கியமான தோல்.

கடியாரம் மூன்று முறை படித்தார். கை தன்னால் மணிக்கட்டைச் சொறிந்தது.

"வீட்டுல ஒரு பூனைக்குட்டி இருக்கு" என்றார் மெல்ல. "என் கைமேலதான் தூங்கும்." பிறகு இன்னும் மெல்ல, "இந்த வரிய எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம் சார். அப்புறம் பதினொரு பேருக்கும் தண்ணிக்கும் பூனை வியாதி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, நான் யாரக் கை காட்டறது?"

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. அவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டார். கடிதத்தை நான்காய்க் கிழித்தார். பதினொருவருக்கும் மருந்தை மாற்ற வேண்டும், தொலைபேசி எண்களைக் கொண்டு வா என்றார். தவறு என்னுடையது என்று ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னதை அவள் கேட்டாள். பதினாறு ஆண்டுகளில் அவரை 'சார்' என்று மனமார அழைக்க அன்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம், கையில் களிம்புடன் அவர் முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குப் போனார். அத்தான் துண்டை உதறியபடியே வாசலில் நிறுத்தி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே விட்டார். கறுப்பி நாற்காலியிலிருந்து இறங்கி, அவரை ஒரு முறை பார்த்துவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் அத்தான். "அவளுக்கும் உடம்பு மேல அக்கறை இருக்கும்ல."