பத்தாயிரம் அடிக்குக் கீழே

1

இந்தக் கதை பிறந்தது ஒரு காருக்குள், நான் வாயைத் திறந்து பாதியில் மூடிக்கொண்ட இடத்தில். அத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்ட செய்தியை வீட்டில் முதலில் அவளிடம்தான் சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "அத்தை, நான் வேலைய—" என்றதும், "திருப்பம் வருது, பேசாத" என்றாள். திருப்பம் முடிந்து, எதிரே வந்த லாரியும் போன பிறகு, "ம், இப்ப சொல்லு" என்றாள். அதற்குள் எனக்குத் தைரியம் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல, மறந்துட்டேன்."

அத்தை வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். "அப்படிச் சொல்லாத. என்கிட்ட ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு" என்றாள். அத்தை விமானியாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஒருத்தரும் விமானிதான்.

2

தொடக்கம் ஒன்று: மேகங்களுக்கு மேலே இரண்டு இதயங்கள்—

(அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் முதுகில் தட்டிவிட வேண்டியிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: விமானப் பாதுகாப்பு விதிகளுள் தலையாயது யாதெனில்—

(இதுவும் போச்சு. ஆனாலும் விதியைச் சொல்லாமல் தீராது.)

விதி இதுதான். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும், பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்வரை, விமானிகள் பறப்பதைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது. வேலையும் அங்கேதான் அதிகம், ஆபத்தும் அங்கேதான் அதிகம். யாரோ ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓர் எண்ணைப் பார்க்கத் தவறியிருக்கிறார்கள், யார் யாரோ வீடு திரும்பாமல் போயிருக்கிறார்கள், அப்புறம்தான் விதி வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்கள் அதற்கு உயரம் குறித்து வைத்திருக்கிறார்கள்.

3

இனி அத்தை இளம்பெண். துணை விமானி. பக்கத்து இருக்கையில் கேப்டன். பறக்கக் கற்றபோது இருவரும் ஒரே வகுப்பு. அவருக்குப் பதவி மட்டும் முந்திக் கிடைத்தது. மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். பத்தாயிரத்துக்குக் கீழே காதில் வெடி வைத்தாலும் வேறு பேச்சுப் பேசமாட்டார். மேலே போனாலோ ஓட்டை வாய்.

அவர்களுடையது இரட்டைப் புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம். இரண்டே ஊர்களுக்கிடையே போய்ப் போய் வரும். ஏறி முடித்தால் இறங்க வேண்டியதுதான். பத்தாயிரத்துக்கு மேலே இருப்பது ஒரு காபி குடிக்கும் நேரம். அத்தையும் அவரும் பேசியதெல்லாம் அந்தக் காபி நேரங்களில்தான். காலையில் தொடங்கிய கதை மாலையில் முடியும்.

"எங்க விட்டோம்?" என்பார் கேப்டன்.

"உங்க அக்கா அவங்க வீட்டுக்காரரை வெளிய வச்சுக் கதவச் சாத்தினாங்க."

"ஆமா. மனுஷன் பனியன் வேற போடல."

இதைச் சொல்லும்போது அத்தையின் முகம் மாறிவிடுகிறது. ஹெட்செட் அழுத்தித் தலைமுடியில் விழும் பள்ளம், தொடையில் அதிரும் எஞ்சின், வெயில் ஏறிச் சூடான கண்ணாடி, பிளாஸ்க் மூடியில் மாறி மாறிக் குடித்த காபி. எல்லாம் அப்படியே இருப்பதுபோலப் பேசுகிறாள். அந்த விமானத்தை எப்போதோ கழித்துக்கட்டிவிட்டார்கள். அவளுக்கு அந்த நாட்கள் வேண்டும். கேட்கிற எனக்கே வேண்டும்போல் இருக்கிறது.

(அத்தை பிறகு மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கமான மனிதர். கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாததால் இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும்.)

4

அத்தைக்குப் பெரிய விமானத்துக்கு மாற்றல் வந்தது. வேறு ஊர், வேறு வானம். இருவரும் சேர்ந்து பறந்த கடைசி நாளில் ஓட்டியது கேப்டன். உயரத்தைக் கவனித்துக் குரல் கொடுப்பது அத்தையின் வேலை. அன்று மேலே அவர் கதையே சொல்லவில்லை. விமானம் இறங்கத் தொடங்கிய பிறகு, முன்னால் பார்த்தபடியே,

"நீ இங்கயே இருந்தா, நான்—"

"பத்தாயிரம்" என்றாள் அத்தை.

அவர் நிறுத்திவிட்டார். சக்கரம் தரையைத் தொட்டது, விமானம் நின்றது, பயணிகள் இறங்கினார்கள். ஏணியடியில் பையோடு நின்று அத்தை கேட்டாள்: "ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல, மறந்துட்டேன். பத்திரமாப் போ."

5

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, நீங்க ஒரு அஞ்சு செகண்ட் லேட்டா குரல் கொடுத்ததா எழுதிக்கட்டுமா? அவர் சொல்லி முடிச்சிடுவாரு. விமானம் ஒண்ணும் விழுந்துடாது."

"விழாது. ஆனா பின்னாடி உக்காந்திருந்தவங்க எங்க கதையக் கேக்க டிக்கெட் வாங்கல."

"கதைதானே அத்தை?"

"அப்ப வேற ஒருத்திய வச்சு எழுதிக்கோ. லேட்டா சொன்னா அது நான் இல்ல." அப்புறம் அவளே சொன்னாள்: "சரியாத்தான் செஞ்சேன். சரியாச் செஞ்சதுக்கு இத்தனை வருஷம் மனசு அடிச்சுக்கும்னு விதிப்புத்தகத்துல போடல. அந்த மனுஷன் வாய அடைச்சது நான்தானே?"

மாற்று முடிவு: பல வருடம் கழித்து அவர்கள் ஒரு விமான நிலையத்தில்—

(வேண்டாம். இந்த மாதிரிச் சந்திப்புகளை நானே நம்பமாட்டேன்.)

6

அத்தைக்குத் தெரியாமல் கேப்டனைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வாக்கியத்தோட மீதி என்ன, சார்?" என்று நேராகவே கேட்டேன்.

"மீதின்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. உயரம் காட்டுற முள்ளப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். அவ சரியாக் குரல் கொடுப்பான்னு தெரியும். அவ தப்பினதே கிடையாது."

"அப்ப, எதுக்கு ஆரம்பிச்சீங்க?"

"சொல்லாமலும் இருக்க முடியல, சொல்லவும் பயம். விதிய மீறாதவன்னு பேர் எடுத்தேன். அன்னைக்கு அந்த விதிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்." சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "அவ நல்லா இருக்காளா?"

நல்லாயிருக்கிறாள் என்றேன். இருவருமே பாவம் என்று தோன்றியது.

7

இப்போது என் சிக்கல் இதுதான். அத்தை எதிர் நாற்காலியில் இருக்கிறாள். "முடிச்சிட்டியா? கொண்டா, படிக்கிறேன்" என்று கேட்டாயிற்று. ஆறாம் பகுதியைப் படித்தால், தான் யார் வாயையும் அடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடக் குறுகுறுப்பு தீரும். ஆனால் அவர் சொல்லி முடிக்க வந்தார் என்று நம்பித்தான் அவள் அந்தக் காபி நேரங்களையெல்லாம் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அதுவும் போய்விடும்.

ஆறாம் பகுதி ஒரே தாள். இப்போது எழுதும் இந்தத் தாளையும் சேர்த்து உருவிவிட்டால் தெரியாது, கதை ஐந்தோடு முடிந்துவிடும். நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள், அவள் இன்னும் படிக்கவில்லை. அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது கிடைப்பதற்குள் யாராவது சொல்லுங்கள், அந்தத் தாளை என்ன செய்ய?