காப்பாற்ற வந்த தழும்பு

என் வாயில் ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை. சத்தியம். ஆனால் ஸ்கேன் எடுத்த டாக்டர், கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார். கொழுப்பும் சர்க்கரையும் பார்த்த வேலையாம். இப்போதே வாயைக் கட்டினால் தழும்பு குறையலாம். விட்டால் இறுகிப்போகும், அப்புறம் மீட்பது கஷ்டம் என்றார்.

வாயைக் கட்டலாம். வெளியில் எப்படிச் சொல்வது? பாத்திரக்கடை சேக் இஸ்மாயிலுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் கடைத்தெரு என்ன பேசும்? "பாய் ரகசியமா ஊத்துவாரு போல!" அதுவும் மகள் நாஸியாவுக்குக் கே.கே. நகர் மாப்பிள்ளையைப் பேசி முடிக்கிற நேரத்தில். வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்றேன். மனைவி சபியா தலையாட்டினாள். நாஸியா ஆட்டவில்லை.

அவள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இந்தச் செல் சமாச்சாரம்தான் படிக்கிறாள். "அத்தா, லிவருக்குள்ள ஒரு செல்லு இருக்கு. வைட்டமினைச் சேத்து வச்சுக்கிட்டு செவனேன்னு கெடக்கும். லிவர் அடிபட்டா அது ஆளே மாறிரும். சேத்ததை விட்டுட்டு, காயத்தை மூட நார் நாராப் பின்னும். அடி நிக்கலைன்னா அதுவும் நிறுத்தாது. அம்புட்டு நாரும் சேந்து லிவரையே நெரிச்சிரும்."

"பாவம், நல்லதுதான செய்யுது" என்றேன். முறைத்தாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கல்யாணம் பேசி முடித்ததும் பெண்ணின் அத்தாவும் மாப்பிள்ளையின் அத்தாவும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். பாதியில் கையை எடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

மாப்பிள்ளையின் அத்தா அல் அமீன் பாசக்காரர். அதுதான் வில்லங்கம். பேசி முடித்த அன்று எங்கள் வீட்டில் தட்டு வைத்ததும், நெய் வடியும் பிரியாணியை என் பக்கமே தள்ளினார். "என்ன சம்பந்தி, இம்புட்டுத்தானா?" சிரித்தேன், தின்றேன். இந்தப் பக்கம் என் உயிர், அந்தப் பக்கம் மகள் வாழ்க்கை. இருதலைக்கொள்ளி எறும்பாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எழவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பயமாக இருந்தது. பிரியாணி முடிந்தது என்று மூச்சு விட்டால், ஒரு கிண்ணம் அல்வாவைத் தட்டில் கவிழ்த்தார்.

உள்ளறைத் திரை விலகியது. கல்யாணப் பெண் ஆண்கள் மத்தியில் வரக்கூடாது. நாஸியா வந்தாள், அல்வாவோடு உயர்ந்த என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா, அத்தாவுக்கு லிவர்ல தழும்பு இருக்கு. குடியில்ல, இந்தச் சாப்பாடுதான். மன்னிச்சுக்கங்க."

அல் அமீனின் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். "அப்பிடியா" என்றார். கை கழுவினார். "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

கார் சத்தம் தேய்ந்ததும் கத்தினேன். "ஒன் நல்லதுக்குத்தானடி மறைச்சேன்! இப்பிடிக் கெடுத்திட்டியே!"

அழுதுகொண்டே தட்டை எடுத்தாள். "அந்தச் செல்லும் நல்லதுக்குன்னுதான் பின்னுது, அத்தா."

மறுநாள் சபியா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அன்று முழுக்கப் போன் அடிக்குமா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடிக்கவில்லை. நான் கஞ்சியைக் குடித்தேன்.