சுண்டெலியின் டாக்டரம்மா

தூக்கம் வரவில்லை. விடுதிக் கட்டிலின் மேல்தட்டில் நான், கீழ்த்தட்டில் சுண்டெலி. பெரிய போட்டிக்கான இரட்டையர் ஜோடிகளைக் கோச் நாளைக் காலை அறிவிக்கிறார். அவளோடு என்னைச் சேர்ப்பாரா என்று பயமாக இருக்கிறது.

பேட்மின்டனில் சின்ன வயதிலிருந்தே நாங்கள் ஜோடி. குள்ளமான அவள் வலையோரம், நெட்டையான நான் பின்னால். அதனால் அவளுக்குச் சுண்டெலி, எனக்கு ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர். ஒரு பாயிண்ட் போனால் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டும். உடனே என்னைத்தான் பார்ப்பாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "விடுடி, நான் இருக்கேன்ல" என்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பார்வை கிடைக்குமென்றால் பாயிண்ட் போனாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றும்.

பிறகு டாக்டரம்மா வந்தார். விளையாடுகிறவர்களின் மனதைக் கவனிக்கிற உளவியல் நிபுணர். மேட்சுக்கு முன்னால் சோறு இறங்காமல், தூங்காமல் கிடந்த சுண்டெலியைக் கோச் அவரிடம் அனுப்பினார். வாராவாரம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்படி என்னடி பேசுவீங்க?"

"சும்மாதான்."

என்னிடம் சும்மாவாம்!

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பாயிண்ட் போனால் என்னைப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று, ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்கி, நீளமாக மூச்சு விட்டுத் திரும்புகிறாள். அவள் முகம், துடைத்த கரும்பலகை மாதிரி இருக்கிறது. அந்த நரம்புகள் மேல் எனக்கு வந்த பொறாமை வேறு யார் மேலும் வந்ததில்லை.

இன்று அகாடமிக்குள்ளேயே தேர்வு ஆட்டம். மூன்றாவது செட்டின் கடைசியில் ஒரு பாயிண்ட் போனது. அவள் திரும்பி நரம்பில் கை வைத்தாள். வேண்டுமென்றே போய் அந்தக் கையைப் பிடித்தேன். "பயப்படாதடி, நான் பாத்துக்கறேன்."

அடுத்து வந்த சர்வை வலையில் அடித்தாள். அதற்கடுத்த பாயிண்ட்டில் தன்னிடம் வந்ததை வெளியே. தோற்றோம்.

கோச் என்னைத்தான் பார்த்தார். "அவளைக் கொஞ்சம் தனியா விட மாட்டியா நீ? ஜோடியை மாத்தலாமான்னு யோசிக்கிறேன்."

அதிலிருந்து சுண்டெலி என்னோடு பேசவில்லை. இருட்டில் கீழே எட்டிப் பார்த்தேன்.

"ஏய், முழிச்சிருக்கியா? வேணும்னுதான்டி வந்து உன் கையப் பிடிச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பயப்படாதன்னு சொல்ற உன் மூஞ்சியப் பாத்திருக்கியா? எழவு வீட்டு மூஞ்சி. அதப் பாத்துதான் எனக்குப் பயமே வரும். டாக்டரம்மாகிட்டயும் அதான் சொன்னேன்."

யாரோ மார்பில் மிதித்தது போலிருந்தது. இத்தனை நாள் நான் தாங்கிக்கொண்டிருந்ததாக நினைத்தேனே!

"உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எப்பவோ சொன்னாங்க."

"ஏன் சொல்லல?"

கீழே போர்வை இழுபடும் சத்தம் கேட்டது. "எல்லாத்துலயும் நீ இருக்க. அது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவளுக்கும் பொறாமையா! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"கோச் கேட்டா என்ன சொல்லுவ?"

"நீதான் வேணும்னு சொல்லுவேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ டாக்டரம்மாவப் பாக்கணும். காலையில பத்து நிமிஷம் ஒதுக்குவாங்க, நான் கேக்கறேன்."

"சரி." பயம் கொஞ்சம் இறங்கியது. உடனே வேறொன்று ஏறியது. "உனக்கு எவ்ளோ நேரம் குடுக்கறாங்க?"

"முக்கா மணி நேரம்."

"எனக்கு மட்டும் ஏன்டி பத்து நிமிஷம்?"

கீழேயிருந்து என் மெத்தைக்கு ஓர் உதை விழுந்தது.